தீப்பெட்டி ஆபீஸ் கல்யாணத்துக்குப் பின் பதினோரு விநாடி

லைட்டுப் பிடிக்கிறவன் நான்.
எத்திராஜ் வீடியோஸ், லாங்கு பஜார், மாடி.
தாலி முடிச்சுக்குக் கிட்டத்தில்,
பெண்ணின் சித்தப்பா வழுக்கைக்குச் சற்றுத் தள்ளி
ஆயிரம் வாட்டைத் தூக்கி நிற்கத் தெரியும்.
பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

எண்பத்தைந்து, கத்திரி வெயில்.
காட்பாடி ரயில்வே காலனி டெஸ்மண்டு வந்தான்.
கூட இம்தியாஸ், பேரணாம்பட்டு தோல் மண்டிப் பிள்ளை.
பாகாயம் செல்வின், சர்ச் பாடகர் குழுவிலிருந்து
இரண்டு முறை நீக்கப்பட்டவன்.
கையில் ஒரு வீடியோ கேசட்.
டெஸ்மண்டின் அக்கா அமெரிக்காவில் நர்ஸ்.
அங்கே டிவியில் ராவும் பகலும் பாட்டுத்தானாம்,
நைட் டியூட்டி இல்லாத நாளில் பிடித்து அனுப்பியது.

போட்டோம்.
அந்த ஊர் நாடா, நம்ம ஊர் டெக்.
நிறம் வரவில்லை.
படம் கீழிருந்து மேலே உருண்டுகொண்டே இருந்தது.
பாடுகிறவன் கால், பாடுகிறவன் தலைக்கு மேல்.
மேடைக்கு முன்னால் ஆயிரம் கை,
ஒரு கறுப்புப் பட்டை வந்து துடைக்கும்,
மறுபடி ஆயிரம் கை.
இம்தியாஸ் வாயை மூடவேயில்லை.
"இதேதாண்ணா. இதே மாதிரி உருளணும்."

எத்திராஜண்ணன் டெக்கைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
கோளாறு என்று சொன்னால்
முந்நூறு ரூபா அட்வான்சு எழுந்து போய்விடும்.
"உருட்டிடலாம்" என்றார்.

ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹால்,
தரையில் ஷட்டில் கோடு.
கெங்கையம்மன் திருவிழா முடிந்த கையோடு வந்த மைக்செட்,
ஒரு கூம்பில் இன்னும் மாவிலை.
கூட்டம் என்று பார்த்தால் முப்பத்தாறு பேர்.
ஷிப்டு முடிந்த ஃபிட்டர்கள், காலனிப் பெண்கள் நாலு,
அவர்களுக்குப் பின்வரிசையில் அவர்களின் அம்மாக்கள்.

டெஸ்மண்டு குச்சியைத் தட்டி எண்ணினான்.
எத்திராஜண்ணன்
தோளில் காமிராவோடு
தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார்.

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தேன்.
படம் உருள வேண்டுமே, உருண்டது.
எழுந்தார், உட்கார்ந்தார், முட்டி சொடுக்கியது,
வேட்டி நுனியை வாயில் கவ்விக்கொண்டார்.
"இன்னாடா நட்டுக்கினு நிக்கிற,
லைட்டையும் ஆட்டு!"

ஆறு வருஷமாக
ஆடாதே ஆடாதே என்று தலையில் குட்டியவர்.

ஆட்டினேன்.
டெஸ்மண்டின் நிழல் சுவரிலிருந்து கூரைக்குத் தாவியது.
செல்வின் முகம் பாதி எரிந்தது, பாதி அணைந்தது.
இம்தியாஸ் விரலிலிருந்து வந்தது சத்தமா, சூடா,
மணிக்கட்டில் தகடு பட்டுக் கொப்பளித்ததுகூட
வீட்டுக்குப் போய்த்தான் தெரிந்தது.
அம்மாக்களில் ஒருத்தி எழுந்து நின்றுவிட்டாள்.

அப்போது போனது கரண்டு.

கிட்டார் செத்தது, மைக் செத்தது, என் லைட்டு செத்தது.
டெஸ்மண்டு மட்டும் நிறுத்தவில்லை.
இருட்டில் அடித்தான்.
வெளியே ஏதோ கூட்ஸ் வண்டி,
அதன் தடக் தடக்கைப் பிடித்துக்கொண்டு அடித்தான்.
முப்பத்தாறு பேரும் தரையை உதைத்தார்கள்.
காமிரா பாட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது,
ஒன்றையும் பார்க்காமல்.

பாக்கி நானூறு வரவில்லை.
டெஸ்மண்டுக்கு அரக்கோணத்தில் வேலை கிடைத்தது.
ஆவணியில் குடியாத்தம் தீப்பெட்டி ஆபீஸ் வீட்டுக் கல்யாணம்,
புதுக் கேசட் இல்லை.
எத்திராஜண்ணன் அதன் மேலேயே பிடித்தார்.
நலங்கு, ஊஞ்சல், பந்தி, பாயசம்.
நான் ஆடாமல் நின்றேன்.

தை மாசம் அந்த வீட்டுக்காரர் கேசட்டோடு வந்தார்.
"எல்லாம் நல்லாக்கீது. கடைசியில மட்டும்
திரை கறுப்பாயிடுது, யாரோ இடிக்கிறான்."
அழித்துத் தருகிறேன் என்று அண்ணன் கை நீட்டினார்.
அவர் கேசட்டைக் கொடுக்கவில்லை.
"வேணாம்பா. புள்ளைங்க
அதுக்காகத்தான் கல்யாணத்தையே பாக்குதுங்க."
கொஞ்சம் யோசித்து,
"நடுவுல ஒருத்தன் 'நிறுத்தாதே'ன்னு கத்துறானே,
யாரு அது?"

அண்ணன் தெரியாது என்றார்.
நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.